மேகத்துக்கு லீவு

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த சிறிய வெள்ளிக் கொலுசுப் பட்டறையை நானும் கணவரும் நடத்தி வருகிறோம். எந்த ஜோடி எவ்வளவு எடை, எது மெருகுக்குப் போயிருக்கிறது, எந்தத் தேதியில் கடைக்குக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் இரவில் நோட்டில் எழுதி, முடிந்ததை அடித்துவிடுவது என் வழக்கம். இதைப் பார்த்த என் 7 வயது மகள், பழைய டைரி ஒன்றில் தானும் திட்டம் எழுதத் தொடங்கினாள். "திங்கள்: பூனைக்குக் கொலுசு அளவெடுக்க வேண்டும். செவ்வாய்: ஏற்காட்டு மேகத்தைக் கீழே வரச் சொல்ல வேண்டும். புதன்: மேகத்துக்கு லீவு" என்று போகும். சில பக்கங்களில் "4 மணி: அம்மாவிடம் பேச வேண்டும்" என்று எழுதி, என்னைப் போலவே சிவப்பு மையில் "நாளைக்குத் தள்ளிவைப்பு" என்று குறித்திருந்தாள், படித்துவிட்டுச் சிரித்தோம்.

நல்ல பழக்கமாயிற்றே என்று பிழைகளைத் திருத்தினேன், வீட்டுப்பாடத்தையும் சேர்க்கச் சொன்னேன், முடித்த ஒவ்வொன்றுக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் தந்தேன். இரண்டு வாரம் ஆர்வமாகச் செய்தவள் இப்போது டைரியைத் தொடுவதே இல்லை. நான் எங்கே தவறினேன்?

இப்படிக்கு,
ஒரு தாய், சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதுவது மறதிக்கு அஞ்சி. உங்கள் மகள் எழுதியது நடக்காததை நடத்திப் பார்க்கும் ஆசையில். தேதி, கோடு, சிவப்பு மை என்று உங்கள் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் பூனையையும் மேகத்தையும் குடிவைத்தாளே, அவளுடைய கற்பனை அங்கேதான் இருந்தது. விளையாடும் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்றார் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி. வீட்டுப்பாடம் உள்ளே வந்ததும் அந்த டைரி இன்னொரு பள்ளி நோட்டாகிவிட்டது.

ஸ்டிக்கர் விஷயம் உளவியலுக்குப் பழக்கமானது. 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரெனப் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆகவே பாராட்டு கெடுதல் என்று அஞ்ச வேண்டாம், முன்கூட்டிப் பேசிய கூலிதான் கெடுத்தது.

என்னை நிறுத்தியது நீங்கள் சிரித்துக் கடந்த அந்தச் சிவப்பு வரிதான். அது உங்களிடம் கேட்ட சொல்லின் அழகுக்காகவே எழுதப்பட்டிருக்கலாம், ஒரு முறை என்றால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் சில பக்கங்களில் வந்திருக்கிறது என்கிறீர்கள். பெரியவர்களைப் பாவனை செய்யும் பிள்ளை, நேரே கேட்கத் தயங்குவதைப் பெரியவர்களின் மொழியிலேயே சொல்லிவிடுவதும் உண்டு.

ஸ்டிக்கரை அறிவிப்பின்றி நிறுத்திவிடுங்கள். ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். எழுத்துப் பிழையைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுப் பயணத்தை அவள் பொறுப்பில் விட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அவளையே பெயர் வைக்கச் சொல்லலாம். அதற்கு முன், இன்றிரவே உங்கள் ஆர்டர் நோட்டில் "4 மணி: மகளிடம் பேச வேண்டும்" என்று எழுதி வையுங்கள், நாளை பேசி முடித்ததும் அந்த வரியை அடிக்கும் வேலையை அவளுக்கே கொடுங்கள்.