வாசகர் கேள்வி பதில்: பனிமூட்டத்தில் மங்கும் படங்கள்

கேள்வி: அதிகாலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களை 55–250 மி.மீ. லென்ஸால் படமெடுக்கிறேன். கமராத் திரையில் நன்றாகத் தெரியும் படங்கள், கணினியில் பெரிதாக்கினால் மங்கலாகவும் மணல் தூவியதுபோலப் புள்ளிபுள்ளியாகவும் இருக்கின்றன. புள்ளிகளுக்கு அஞ்சி, கமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 800க்கு மேல் உயர்த்துவதில்லை. இருண்டு வரும் படத்தைப் பின்னர் மென்பொருளில் வெளிச்சமாக்குகிறேன். லென்ஸை மாற்ற வேண்டுமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: லென்ஸுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. மங்கலும் புள்ளியும் வெவ்வேறு குறைகள். உங்கள் படங்களில் இரண்டும் ஒருங்கே சேர்ந்திருக்கின்றன.

மங்கலின் காரணத்தைப் படமே காட்டிக்கொடுக்கும். விளிம்புகள் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. முகம் மங்கி, பின்னால் உள்ள தேயிலைச் செடி துலங்கினால் குவியம் (ஃபோகஸ்) தவறியிருக்கிறது. அருகிலுள்ளவை துலங்கித் தொலைவிலுள்ள மலை மட்டும் வெளிறினால், ஒளியைச் சிதறடிக்கும் பனித்துளிகளே காரணம், அதை எந்த விலை லென்ஸாலும் தீர்க்க முடியாது. உங்கள் கமராவில் ஒளியைப் பதியும் சென்சார் சிறிய வகையாயின், 250 மி.மீ.யில் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்) ஏறத்தாழ 1/400 நொடியாவது வேண்டும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையைச் சமாளிக்குமே தவிர, கொழுந்து கிள்ளும் விரல்களின் வேகத்தை நிறுத்தாது. பனிக்குள் தானியங்கிக் குவியம் பற்றுக்கோடின்றி முன்னும் பின்னும் அலையும் என்பதால், ஒற்றைக் குவியப் புள்ளியைத் தெரிந்தெடுத்து, முக்காட்டின் கரை போன்ற அழுத்தமான விளிம்பில் வையுங்கள்.

புள்ளிகளைப் பொறுத்தவரை, நீங்கள் தவிர்க்க நினைத்ததையே வரவழைத்திருக்கிறீர்கள். புள்ளிகளுக்கு முதற்காரணம் ஐ.எஸ்.ஓ. எண் அன்று, சென்சாரை வந்தடையும் ஒளியின் பற்றாக்குறை. 800இல் இருட்டாக எடுத்து இரண்டு படி (நான்கு மடங்கு) வெளிச்சமாக்கிய படமும், லென்ஸின் அதே துளையிலும் ஷட்டர் வேகத்திலும் 3200இல் எடுத்த படமும் பெற்ற ஒளி ஒன்றுதான். பல கமராக்களில் முன்னதன் நிழற்பகுதிகளே மேலும் மோசமாகத் தெரியும். இதற்கு மேல், வெண்பனியைக் கண்ட ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயன்று படத்தை இருட்டாக்கிவிடுகிறது. ஆகவே ஒளியளவுத் திருத்தத்தை +1 அளவில் வைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாதபடி பார்த்துக்கொண்டு, 1600 அல்லது 3200ஐத் தயங்காமல் பயன்படுத்துங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாகவும் சேமியுங்கள்; ஜேபெக்கில் கமரா தானே செய்யும் புள்ளி நீக்கம், புடவையின் நெசவையும் சேர்த்து மெழுகிவிடுகிறது. சிறிதளவு புள்ளி அச்சில் கண்ணுக்கே தெரியாது. மெழுகிய முகம் தெரியும்.

கேள்வி: லிப்டன் சீட் காட்சிமுனையிலிருந்து முக்காலி வைத்து, லென்ஸின் துளையை மிகவும் சுருக்கும் எஃப்/22இல், ஐ.எஸ்.ஓ. 100இல் எடுத்த பள்ளத்தாக்குப் படமும் கூர்மையாக இல்லையே?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: துளை அளவுக்கு மீறிச் சுருங்கும்போது ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். எஃப்/8இல் எடுங்கள். நடுக்கத் தடுப்பை அணைத்து, இரண்டு நொடித் தாமதத்தில் ஷட்டரை இயக்குங்கள். அங்கு காற்று பலமாக வீசும் வேளையில் முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதிருப்பதும், கமராப் பட்டியைக் கழற்றிவிடுவதும் நல்லது.