கேள்வி-பதில்: மௌனம் காத்த மியூனிக்காரர்

கேள்வி: ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட இசையமைப்பாளர்கள் எல்லோருமே நாஜிகளுக்கு ஒத்துப்போனவர்கள்தானா?

பதில்: இல்லை. கார்ல் அமடேயுஸ் ஹார்ட்மன் இருந்தாரே! 1905-ல் மியூனிக்கில் பிறந்து, 1963-ல் அங்கேயே இறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு 27 வயது, பெயர் எடுக்க வேண்டிய பருவம். ஆனால் அந்த ஆட்சி இருந்தவரை தன் இசையை ஜெர்மனியில் வாசிக்க விடாமல் ஒதுங்கிவிட்டார். மனைவி வீட்டார் தாங்கியதால்தான் குடும்பம் ஓடியது. எழுதுவதை மட்டும் விடவில்லை. 1935-ல் ப்ராக் நகரில் அரங்கேறிய 'மிசெரே' என்ற படைப்பை, டாகாவ் வதைமுகாமில் மாண்ட நண்பர்களுக்குக் காணிக்கையாக்கினார். ஐரோப்பாவில் பலர் டாகாவ் பற்றிப் பேசவே தயங்கிய நேரம் அது. போர் நடக்கும்போதே, ஏற்கெனவே தேர்ந்த இசையமைப்பாளராக இருந்தும், ஆஸ்திரியாவுக்குப் போய் நவீன இசையமைப்பாளர் ஆன்டன் வெபர்னிடம் மாணவராக உட்கார்ந்தார்.

1945 ஏப்ரல் கடைசியில் டாகாவ் கைதிகளைக் கூட்டம் கூட்டமாக நடத்தி விரட்டிச் சென்றதை அவர் கண்ணால் பார்த்தார். அந்த முடிவில்லாத வரிசைதான் '27 ஏப்ரல் 1945' என்ற பியானோ சொனாட்டா ஆனது. போர் முடிந்த அதே ஆண்டு, ஷோன்பெர்க் போல நாஜிகள் ஒதுக்கிவைத்தவர்களின் இசையை மறுபடி மேடையேற்ற 'மூசிகா விவா' கச்சேரித் தொடரை மியூனிக்கில் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. எட்டு சிம்பொனிகளைவிட இதுவே அவர் செய்த பெரிய காரியம் என்று சொல்பவர்களும் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: சரி, அவருடைய இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: 'கொன்செர்தோ ஃபூனெப்ரே'. தனி வயலினும் தந்தி வாத்தியக் குழுவும் மட்டும், சுமார் 20 நிமிடம். 1939-ல் ஹிட்லர் செக் நாட்டை விழுங்கிய கோபத்தில் எழுதியது, அதனால்தான் தொடக்கத்திலேயே செக் மக்களின் பழைய ஹுஸைட் (15-ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்த இயக்கம்) போர்ப் பாட்டு வயலினில் வருகிறது. மூன்றாம் பகுதியில் அந்தக் கோபம் அப்படியே வெடிக்கும், அப்புறம் முடிவில் புரட்சியில் இறந்தவர்களுக்காக ரஷ்யர்கள் பாடிய இரங்கல் பாட்டு. அடுத்ததாக ஆறாவது சிம்பொனிக்குப் போங்கள். இரண்டே பகுதிகள்தான், ஆனால் இரண்டாவதில் ஃபியூகுகள் (ஒரே மெட்டை வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துத் தொடரும் வடிவம்) ஒன்றன்மேல் ஒன்றாகப் பாயும் வேகத்துக்கு ஈடு கொடுக்க நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்.