இறக்கத்தில் ஓடுவது எப்படி? கொழும்பு வாசகர்களுக்குப் பதில்கள்

மலையகத்து நெடுந்தூர ஓட்டங்களுக்குத் தயாராகிறவர்கள் வழக்கமாக ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே இறக்கத்தைப் பற்றியவை. எனக்கு அதில் மிகுந்த சந்தோசம். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் கொஞ்சம் நடந்து ஆறிக்கொள்ளலாம். இறக்கத்தில் தொடை போய்விட்டால் அன்று முழுக்க அது திரும்பி வராது.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்: மலையகத்தில் 50 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மரீன் டிரைவிலும் காலிமுகத்திடலிலும்தான் ஓடுகிறேன். இறக்கத்துக்கு எங்கே போவது?

முதலில் உங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டுக்குப் போங்கள். மேலே லிப்டில் போய், கீழே படியால் இறங்குங்கள். ஓட வேண்டாம், நடந்தால் போதும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குகிறது. சமதரையில் எத்தனை கிலோமீற்றர் ஓடினாலும் இந்த வேலை அதற்குப் போதிய அளவு கிடைக்காது. கிழமைக்கு இரண்டு நாள், சில தடவைகளோடு தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். கைப்பிடியின் பக்கமாகவே இறங்குங்கள்.

அதோடு ஒரு பயிற்சி. ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் குதி கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கைக்கு மெதுவாக இறங்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, மூன்று சுற்று. முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால் நல்லது. நிற்கும் காலின் முழங்கால் உட்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் இடுப்புத் தசை பலவீனம், அதற்கும் வேலை கொடுக்க வேண்டும்.

மூன்று கிழமைக்கு ஒரு தடவையாவது கோட்டையில் ரயில் ஏறுங்கள். கண்டிக்கு மேலே ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட வீதிகள் இதற்கு அருமையானவை. சரியான அளவில் ஒருமுறை இறங்கி நொந்த தசை, அடுத்த சில கிழமைகளுக்கு அதே வேலையில் முன்போல நோகாது. இந்தப் பாதுகாப்புக்காகத்தான் அவ்வளவு தூரம் போகச் சொல்கிறேன். கடைசிப் பெரிய இறக்கத்தைப் போட்டிக்கு இரண்டு, மூன்று கிழமைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தெஹிவளையிலிருந்து ஒரு தங்கை: இறக்கத்தில் பயம், கால் தானாகப் பிரேக் போடுகிறது. அப்புறம் முழங்காலுக்கு முன்பக்கம் வலி. என்ன பிழை செய்கிறேன்?

பயந்தால் உடம்பு பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் கால் உடம்புக்கு வெகு முன்னால், முழங்கால் நீட்டியபடி, குதியில் போய் விழும். அடிக்கு அடி அந்தப் பாரம் முழங்காலில் இறங்குகிறது. வலியின் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடியைச் சின்னதாக்கிக் கெதியாக வையுங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதே வேகத்தில் 5 முதல் 10 வீதம் கூட்டினாலே முழங்காலுக்குப் போகும் சுமை குறையும். பாதம் இடுப்புக்குக் கீழே, முழங்கால் சற்று மடிந்தபடி விழ வேண்டும். முன்னால் சாய்வது கணுக்காலிலிருந்து வரட்டும், இடுப்பை மடிக்காதீர்கள். கைகளைக் கொஞ்சம் விரித்து வைத்தால் நிதானம் கிடைக்கும். பார்வை காலடியில் வேண்டாம், சில மீற்றர் முன்னால் இருக்கட்டும்.

நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பாதம் தரையைத் தொடும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். கணுக்கால் முழங்காலைத் தாண்டி முன்னால் நின்றால் இன்னும் பிரேக்தான். போன் இல்லாவிட்டால் காது போதும். ‘தொம் தொம்’ என்று கேட்டால் பிழை. சத்தம் குறையக் குறைய நீங்கள் சரியாக இறங்குகிறீர்கள்.

மிகச் செங்குத்தான இடத்தில் நடந்தே இறங்குங்கள், நல்ல ஓட்டக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். வலி இருக்கும்வரை இறக்கத்தை நிறுத்துங்கள். இரண்டு கிழமையில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

சிவனொளிபாதமலை போய் வந்து இரண்டாம் நாள், கழிப்பறையில் உட்காரவே முடியவில்லை. காயமா?

இரண்டு தொடையும் ஒரே மாதிரி உளைந்தால் காயமல்ல. 2,243 மீற்றர் உச்சியிலிருந்து ஆயிரக்கணக்கான படிகள் இறங்கியிருக்கிறீர்கள், தசை நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டிருக்கும். ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணியும். மெல்ல நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடப் போக வேண்டாம். ஆனால் சிறுநீர் சாயத் தண்ணீர் (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனாலோ, தொடை வீங்கி இறுகினாலோ, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது, காத்திருக்கக் கூடாது.

பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. பெரிய சப்பாத்து வாங்கவா?

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருந்தால் சப்பாத்து அளவு சரிதான். பாதம் உள்ளே வழுக்குவதுதான் கோளாறு. கணுக்கால் பக்கமுள்ள கடைசித் துளையிலும் லேஸைக் கோத்து இறுக்குங்கள்.

பொஸ்டன் மரதனில் பாதை மொத்தத்தில் இறக்கம்தானே? நேரம் நன்றாக வருமா?

தொடக்கமான ஹொப்கின்டனிலிருந்து முடிவுக்கு சுமார் 140 மீற்றர் இறக்கம் என்பது உண்மை. ஆனால் அதில் பெரும் பங்கு முதற்பாதியிலேயே போய்விடுகிறது. நியூட்டன் மேடுகள் வருவது 26ஆம் கிலோமீற்றர் அளவில். முதற்பகுதியில் பறந்தவர்களின் தொடை அந்த நேரம் பதில் சொல்லாது. முதல் 10 கிலோமீற்றரை உங்கள் திட்ட வேகத்தைவிட ஒரு செக்கனும் கூட்டாமல் ஓடுங்கள். மூச்சு லேசாக இருப்பதை நம்பாதீர்கள்.

ஜூன், ஜூலையில் மலைப்பக்கம் எல்லாம் மழை. பயிற்சிக்கு என்ன செய்வது?

சிவனொளிபாதமலையை விட்டுவிடுங்கள். யாத்திரைக் காலம் வெசாக் போயாவோடு முடிகிறது, அப்புறம் வழியில் விளக்கும் இருக்காது, கற்படி வழுக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் மழை ஊவாப் பக்கம் குறைவு, அதனால் ஹப்புத்தளைக்குப் போங்கள். லிப்டன் சீற்றிலிருந்து தம்பேதென்னைத் தொழிற்சாலை வரை தேயிலைக்கு நடுவே இறங்கும் வீதி, சின்ன அடி பழக மிகப் பொருத்தமானது. காற்று பலமாக இருக்கும், மேலே ஒரு மெல்லிய ஜக்கெற் வேண்டும். ஓட்டோக்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வரத் தொடங்குமுன், விடிந்த கையோடு இறங்கி முடித்துவிடுங்கள். வளைவுகளில் வீதி மிக ஒடுக்கம்.