முந்தைய ஓனரின் இடது கால்

பழைய கார் வாங்குவது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கியர் வண்டியைப் பற்றியவை. 29 வருடமாக கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதே என் பிழைப்பு என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: 62,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஒரே ஓனர். ஓட்டிப் பார்த்தபோது இரண்டாவது கியர் போடுகையில் சில நேரம் 'கறக்' என்றது. "வண்டி குளிர்ந்திருந்தால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா சார்?

அவர் சொல்வதில் பாதி உண்மை. இரவெல்லாம் நின்ற வண்டியில் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், லீவர் இறுக்கமாக நகரும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடியதும் அது இளகிவிடும். ஆனால் இறுக்கம் வேறு, கறகறப்பு வேறு. உள்ளே பல்லோடு பல் மோதினால்தான் அந்தச் சத்தம் வரும்.

ஒவ்வொரு கியருக்குப் பக்கத்திலும் சிங்க்ரோ வளையம் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் பித்தளையில். நீங்கள் லீவரைத் தள்ளும்போது முதலில் இந்த வளையம்தான் கியரின் கூம்பில் போய் உரசும். அந்த உரசலில் இரண்டு பக்கத்து வேகமும் ஒன்றானதும், கியரை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவ் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்காரும். 1928இல் காடிலாக் கார்களில் இது வந்தது. அதற்கு முன்னால் வண்டி ஓட்டியவர்கள் கிளட்சை இரண்டு முறை மிதித்து, வேகத்தைக் காதால் கணக்குப் போட்டுத்தான் கியர் மாற்றினார்கள். இந்த வளையம் தேய்ந்தால் பிடிப்பு போய்விடும், வேகம் ஒன்றாகும் முன்பே பல் மோதும். பெரும்பாலும் முதலில் போவது இரண்டாவது கியர்தான். நெரிசலில் அதிகம் உழைப்பதும் அதுதான், மூன்றிலிருந்து அவசரமாக இழுத்து இறக்கப்படுவதும் அதுதான்.

ஆனால் உடனே சிங்க்ரோ மேல் பழி போட்டுவிடாதீர்கள், கிளட்சும் குற்றவாளியாக இருக்கலாம். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே திரும்பப் போட்டுப் பாருங்கள். அணைத்தபோது லகுவாக விழுந்த கியரெல்லாம் எஞ்சின் ஓடும்போது முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. எல்லாம் ஒழுங்காக விழுந்து, ஓட்டத்தில் இரண்டாவது மட்டும் கறகறத்தால் அந்த கியரின் சிங்க்ரோ.

அப்புறம் வண்டி நன்றாகச் சூடானதும் 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்குச் சற்றுச் சுறுசுறுப்பாக இறக்குங்கள். மெதுவாகத் தள்ளித் தள்ளிப் போட்டால் தேய்ந்த வளையமும் சமாளித்துவிடும்; வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரியும். சூட்டிலும் கறகறத்தால் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டிய வேலை. வளையத்தின் விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சம்மதித்தால் வாங்குங்கள். ஒரே ஓனர் என்பதற்காக மயங்க வேண்டாம். அந்த ஒரு ஓனருக்கு எப்படிப்பட்ட கை, எப்படிப்பட்ட கால் என்பதுதான் கேள்வி.

கேள்வி: கார் பழகி ஆறு மாதம்தான் ஆகிறது. வண்டி பார்க்கத் தனியாகத்தான் போகிறேன். மெக்கானிக் துணையில்லாமல் கிளட்ச் நன்றாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும் அம்மா. ஆறு மாத டிரைவர்களிடம் ஒரு நல்ல விஷயம், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று காலால் தேடி ஓட்டுவார்கள். எங்களுக்கு அது மரத்துப் போயிருக்கும்.

போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பெடலை வெறுமனே நாலைந்து முறை மிதியுங்கள். ஒரே சீராக இறங்கி, ஒரே சீராக ஏற வேண்டும். ஆயில் கிளட்சாக (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) இருந்து, முதல் மிதியில் தொளதொள என்று போய், இரண்டு மூன்று முறை அடித்தால் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. குனிந்து, பெடலுக்கு மேலே தண்டு போய்ச் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரம் பட்டால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுகிறது. பார்த்ததும் கையைக் கழுவிவிடுங்கள், அது பிரேக் ஆயில், பெயின்ட்டையே உரிக்கும்.

இனி ஸ்டார்ட் செய்யுங்கள். சமதளம், முன்னால் ஆள் நடமாட்டம் கூடாது. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி, மூன்றாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை விடுங்கள். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிச் சட்டென்று அணைய வேண்டும். முக்கி முனகி ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட், அதாவது எஞ்சின் சுழற்சியை உரசலால் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தட்டு, வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டையும் நீங்களே எரித்துவிடுவீர்கள்.

வெளியே எடுத்துப் போனால் காலியான சாலையில் நாலாவது கியரில் 40, 45 வேகம் வந்ததும் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்துங்கள். லேசான ஏற்றமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆர்பிஎம் முள்ளும் வேக முள்ளும் கைகோத்துக்கொண்டு ஏற வேண்டும். ஆர்பிஎம் மட்டும் துள்ளி எழுந்து, வேகம் அசையாமல் நின்றால் பிளேட் முடிந்தது. தேய்ந்த பிளேட் முதல் கியரில் காட்டிக்கொடுக்காது. பெரிய கியரில் பாரம் ஏறும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினால் போதாது என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

கிளம்பும்போது வண்டி நடுங்குகிறதா என்றும் கவனியுங்கள். பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், பிளேட் உரசும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீல் சூட்டில் கருகியிருக்கலாம், வெறும் எஞ்சின் மவுன்ட் தளர்ச்சியாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது சின்ன வேலை.

பெடலில் மேலே வந்துதான் பிடிக்கிறது என்றால் பிளேட் போச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். கேபிள் கிளட்சில் வெறும் அட்ஜஸ்ட்மென்ட் பிசகாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஓடோமீட்டர் 35,000 காட்டுகிறது. ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழ என்று தேய்ந்து, ஒரு ஓரம் இரும்பு தெரிகிறது.

ரப்பரை நம்புங்கள்.

கேள்வி: "போன மாதம்தான் புது கிளட்ச் போட்டேன்" என்று பில்லைக் காட்டுகிறார். அது நமக்கு லாபம்தானே?

லாபமாக இருக்கலாம். பில்லில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் இருந்தால் சரி. பிளேட் மட்டும் என்றால் விற்பதற்காகச் செய்த வேலை. பல வண்டிகளில், ஆயில் அழுத்தத்தில் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கீழ் சிலிண்டரும் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை மாற்றாமல் மூடியிருந்தால், அது ஒழுக ஆரம்பிக்கும் நாளில் மொத்தத்தையும் திரும்ப இறக்க வேண்டும்.

டீசல் வண்டியென்றால் இன்னொன்று. அவற்றில் பலவற்றுக்கு ஃப்ளைவீல் இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்து வரும். எஞ்சினை அணைக்கும்போது 'கடகட'வென்று உதறி நின்றால் அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கிளட்ச் செட்டைவிட அதன் விலை அதிகமாகவே இருக்கும்.

கேள்வி: நியூட்ரலில் நிற்கும்போது 'ஙொய்ய்' என்று சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. விற்பவரின் மெக்கானிக் "ரிலீஸ் பேரிங்தான், சின்ன வேலை" என்கிறார்.

தலைகீழாகச் சொல்கிறார். தெரியாமல் சொன்னாரா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கிளட்சை மிதித்தால்தான் ரிலீஸ் பேரிங்குக்குப் பாரம். எனவே அதன் சத்தம் மிதிக்கும்போது வரும். உங்கள் வண்டியில் மிதித்தால் நிற்கிறது. நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது எஞ்சினோடு சேர்ந்து கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் (எஞ்சின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) சுற்றுகிறது. மிதித்தால் அது நின்றுவிடும், சத்தமும் நிற்கும். ஆக, முதல் சந்தேகம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் அந்த ஷாஃப்டின் பேரிங் மேல்தான்.

இதில் நானே ஏமாந்த கதை உண்டு. தொழிலுக்கு வந்து ஆறாவது வருடம், எனக்கென்று முதல் கார். நான் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காக சூடு பண்ணி வைத்தேன்" என்றார் விற்றவர், அத்தனை அன்பாக. கியர்பாக்ஸில் ஒரு முனகல் இல்லை. மெக்கானிக் என்ற திமிரில் அரை மணியில் பேசி முடித்தேன். மூன்றாவது வாரம் காலைக் குளிரில் லீவர் கல்லாகிவிட்டது. கீழே படுத்து டிரெய்ன் பிளக்கைக் கழற்றினால் ஆயில் கொட்டவில்லை, தேன் போல நூல் பிடித்து இறங்கியது. சத்தத்தை அமுக்குவதற்காக, அந்த கியர்பாக்ஸுக்கு ஆகவே ஆகாத கெட்டி ஆயிலை ரொப்பியிருந்தார்கள்.

பிளக்கின் நுனியில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் குழைவாகக் கொஞ்சம் ஒட்டியிருப்பது சகஜம், அது வழக்கமான தேய்மானம். என் பிளக்கில் முள் முள்ளாக நின்றது. அதற்குள் வெட்டிய நகத்துண்டு மாதிரி வளைந்து ஒரு கியர் பல்லின் முனை. பட்டறை மேஜை இழுப்பறையில் அது இன்னும் கிடக்கிறது. "கியர் ஆயில் எதுவானால் என்ன சார்" என்று கேட்பவர்களிடம் எடுத்துக் காட்டுவேன்.

அதனால் குளிர்ந்த வண்டியில் ஒரு தடவை, அரை மணி ஓடிய பிறகு ஒரு தடவை கேளுங்கள். விற்பவர் சம்மதித்தால் லிஃப்டில் ஏற்றி ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது இன்னும் உத்தமம். கையேட்டில் கியர் ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் அதுதான் உள்ளே இருக்க வேண்டும். ஜிஎல்-5இல் உள்ள கந்தகக் கலவை சில வகைகளில் பித்தளை வளையங்களை அரிக்கும்.

கேள்வி: கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக கியர் மாற்றும் ஏஎம்டி வண்டியும் உள்ளே கியர் வண்டிதானே? உங்கள் சோதனைகள் அதற்கும் பொருந்துமா?

உள்ளே அதே கிளட்ச், அதே பல்சக்கரம்தான், காலுக்குப் பதிலாக மோட்டாரோ ஆயில் அழுத்தமோ மிதிக்கிறது. ஆனால் உங்கள் காலுக்கு எதுவும் தெரியாது, ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு பத்தியில் அடங்காது, தனியாக எழுதுகிறேன்.

கேள்வி: வண்டி பிடித்திருக்கிறது. ஆனால் ஓனர் சாவியைத் தர மறுக்கிறார். "நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்" என்கிறார். என்ன செய்வது?

உட்காருங்கள். பாட்டு ஓடினால் அணைக்கச் சொல்லுங்கள். சாலையைப் பார்க்காதீர்கள், அவர் இடது காலைப் பாருங்கள். கியர் மாற்றி முடித்ததும் கால் பெடலைவிட்டு இறங்கித் தரையில் உட்காருகிறதா, இல்லை பெடல் மேலேயே குடியிருக்கிறதா? குடியிருந்தால் இத்தனை வருடமும் ரிலீஸ் பேரிங் சும்மா சுற்றித் தேய்ந்திருக்கிறது, பிளேட்டும் அரைப் பிடிப்பில் வெந்திருக்கிறது. ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக் போடுகிறாரா, ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொட்டில் ஆட்டுகிறாரா? கை லீவர் மேலேயே படுத்திருக்கிறதா? அந்தக் கையின் பாரம் உள்ளே ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கை அதன் மேல் உரசவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது லீவர் தானாக நியூட்ரலுக்குத் தாவிவிடாமல் இருக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்கு அந்தச் சந்தேகமும் வரும். "கொஞ்சம் கையை எடுங்கள் சார்" என்று சொல்லிப் பாருங்கள்.

பத்து நிமிடம் போதும். அப்புறம் இன்னொரு முறை சாவியைக் கேளுங்கள். தரவில்லையென்றால் இறங்கி வந்துவிடுங்கள்.