மைக்ரேனால் வரும் தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் தள்ளாட்டம் போகவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் எந்தச் சுற்றல் என்று பிரித்துப் பாருங்கள். திடீரென்று வந்து ஆளைப் படுக்கவைப்பது ஒன்று. அது அடங்கிய பிறகும் படகில் நிற்பதுபோல் நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருப்பது இன்னொன்று. முதலாவதுதான் வெஸ்டிபுலர் மைக்ரேன்: 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை இருக்கும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது, சில முறை தலைவலியே இருக்காது. இரண்டாவது 3 மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, நிற்கும்போதும் நடக்கும்போதும் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளைப் பார்க்கும்போதும் கூடினால், அதை பி.பி.பி.டி. (நீடித்து நிற்கும் தள்ளாட்டம்) என்பார்கள். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். மைக்ரேன் மாத்திரை முதலாவதைக் குறைக்கும். இரண்டாவதை அது மட்டும் தீர்க்காது. உங்கள் தள்ளாட்டம் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் நிற்கிற சுற்றல் என்றால் காதுக்குள் கால்சியத் துகள் இடம் மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைத் திருப்பிச் செய்யும் எப்ளி முறையே பெரும்பாலும் போதும்.

நம் ஊரில் கழுத்து எக்ஸ்ரே எடுத்து, ‘எலும்பு தேய்மானம்’ என்று காலர் மாட்டிவிடுவது சகஜம். நடுவயதைத் தாண்டினால் தேய்மானம் பலருக்கும் தெரியும். சுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் அது இல்லை. தலையை அசைக்காமல் வைத்திருந்தால் மூளை சமநிலையைத் திரும்பப் பழகவே முடியாது. சுற்றலை அடக்கும் ஸ்டெமெட்டில், சின்னாரிசின் மாத்திரைகளும் இதே கெடுதலைச் செய்யும். வாந்தியோடு கிடக்கிற இரண்டு மூன்று நாளைக்குத்தான் அவை. மாதக்கணக்கில் விழுங்கினால், வயதானவர்களுக்குக் கைநடுக்கமும் நடைத் தளர்ச்சியும்கூட வரும்.

மைக்ரேன் வராமல் தடுக்கும் மருந்து வேறு வகை. ப்ரோப்ரனோலால் (ஆஸ்துமா இருந்தால் கூடாது), அமிட்ரிப்டிலின், டோபிராமேட் (கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் கட்டாயம் சொல்லுங்கள்) எதுவானாலும் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிட்டு ‘கேட்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாள் போட்டால், அதுவே தலைவலியை நிலைக்கவைக்கும்.

தள்ளாட்டத்துக்குப் பயிற்சிதான் முக்கியம். தினசரி காலண்டரின் பெரிய தேதி எண் இதற்கு வசதி. வெற்றுச் சுவரில் கண் மட்டத்தில் மாட்டி, ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். பார்வை எண்ணை விட்டு விலகாமல், ‘இல்லை’ என்பதுபோல் தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டுங்கள். எண் மங்கினால் வேகம் அதிகம். 30 விநாடி, தினமும் மூன்று வேளை. லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லையென்றால் பயிற்சி போதவில்லை, 20 நிமிடத்துக்குப் பிறகும் அடங்கவில்லையென்றால் அதிகம். பழகியதும் நின்றுகொண்டும், பிறகு பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னாலும் செய்யலாம். மைக்ரேன் தாக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

வெறும் வயிறு, தூக்கக் குறைவு, மாதவிலக்கு, ஊதுபத்தி வாசனை எது தூண்டுகிறது என்று குறித்து வாருங்கள். விரதத்தைத் தவிர்ப்பது நல்லது. காபியை ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலவீனம், நிற்கவே முடியாமை, திடீரென்று காது கேட்காமல் போவது இவற்றில் ஒன்று சுற்றலோடு சேர்ந்தாலும், பழைய மைக்ரேன்தான் என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.