மறு: ஜோனி மிச்செல் பாட்டு கிற்றாரிலை சரியா வருதில்லை

தங்கச்சி, பிழை உங்கட விரலிலை இல்லை. நெட்டிலை கிடந்த கோர்ட்ஸை அப்பிடியே பிடிச்சும் 'பிக் யெல்லோ டாக்ஸி' ரெக்கோர்டிலை கேக்கிற மாதிரி வரேல்லை எண்டு எழுதியிருந்தியள், வராதுதான், ஏனெண்டா அதைப் பாடின கனடாப் பாடகி ஜோனி மிச்செல் நாங்கள் வழமையா வைக்கிற ரியூனிங்கிலை வாசிக்கேல்லை, அது ஓப்பன் ஈ, அதாவது ஒண்டும் பிடிக்காமத் தட்டினாலே ஈ கோர்ட் வாற சுதி. 9 வயதிலை போலியோ வந்து இடதுகை பலவீனமாப் போனதாலை கம்பியளின்ர சுதியையே மாத்தி வைச்சு வாசிக்கத் தொடங்கினவ, அந்த ஆக்களை மயக்கிற சத்தமே அதிலையிருந்து வந்ததுதான்.

ஓப்பன் ஈக்கு 3 கம்பியை இழுத்து ஏத்தவேணும், எங்கட உப்புக்காத்திலை துருப்பிடிச்ச கம்பியெண்டா அறுந்திடும். அதாலை இறக்குங்கோ: 6ஆம், 2ஆம், 1ஆம் கம்பியளை ஒரு முழுச் சுரம், 3ஆவதை அரைச் சுரம், மற்ற ரெண்டையும் தொடாதேங்கோ. தடிச்ச கம்பியிலையிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி எண்டு வரும். 2ஆம் ஃபிரெட்டிலை கேப்போ, அதுதான் எல்லாக் கம்பியையும் ஒண்டா அமத்திற கிளிப், போட்டா ஓப்பன் ஈதான். ஒண்டும் பிடிக்காமத் தட்டினாலே முழுக் கோர்ட், கேப்போவிலையிருந்து 5ஆவதிலை ஒரு விரலைக் குறுக்கா வைச்சா ஏ, 7ஆவதிலை பி, பாட்டின்ர பெரும்பகுதி அவ்வளவுதான்.

அடுத்ததா 1971இல வந்த 'ப்ளூ' அல்பம் பழகப்போறன் எண்டியள், நல்லாப் பழகுங்கோ, ஆனா அதிலை சில பாட்டுக்கு அவ வாசிச்சது டல்சிமர் எண்ட, மடியிலை வைச்சு வாசிக்கிற கம்பி வாத்தியம், அதைக் கிற்றாரிலை அப்பிடியே எடுக்கப் பாத்து மினக்கெடாதேங்கோ. 2015இல மூளையிலை ரத்தக்குழாய் பாதிச்சு விழுந்த மனுசி, திரும்பப் பழகி 2022இல அமெரிக்காவிலை நியூபோர்ட் இசைவிழா மேடையிலை கிற்றார் வாசிச்சவ, அந்த வீடியோவை ஒருக்கா கட்டாயம் பாருங்கோ. கேப்போ டவுனிலை கிடைக்காட்டிச் சொல்லுங்கோ, என்னட்டை ஒண்டு சும்மா கிடக்கு.