வரைபடத்தைப் பார்த்து அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு: பொறியாளரின் கேள்வி பதில்

நாகர்கோவிலில் கட்டுமானப் பொறியாளராக உள்ள நம் குழு உறுப்பினர், இன்னும் கட்டி முடியாத அடுக்குமாடி வீடுகளின் வரைபடம், தரை, கதவு, ஜன்னல் ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள். கேள்விகளின் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

மார்த்தாண்டத்துக்காரர், தற்போது குவைத்தில்: ஐயா, விளம்பரத்தில் 1,240 சதுர அடி என்று போட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் உள்ள அறைகளைக் கூட்டினால் 900 கூட வரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று உடனே சொல்லிவிட முடியாது. அந்த 1,240-இல் வெளிச்சுவர், பால்கனி, மாடிப்படி, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றில் உங்கள் பங்கும் சேர்ந்திருக்கும். இதைத்தான் சூப்பர் பில்ட் அப் பரப்பு என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் ரேரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) சொல்லும் கார்ப்பெட் ஏரியா என்பது வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மாடி ஆகியவற்றை விலக்கி, உட்புறத் தடுப்புச் சுவர்களைச் சேர்த்துக் கணக்கிடும் பரப்பு. இரண்டு வீடுகளின் விலையை ஒப்பிடுவதென்றால் மொத்த விலையை இந்தப் பரப்பால் வகுத்து ஒப்பிடுங்கள்.

பரப்பைவிட முக்கியம், அறையின் உள்ளளவு. வரைபடத்தில் உள்ள அளவு பெரும்பாலும் பூச்சு பூசாத சுவருக்குச் சுவர் எடுத்த அளவு. பக்கத்துக்கு அரை அங்குலப் பூச்சு என்றாலும் பத்தடி அறை 9 அடி 11 அங்குலமாகிவிடும். அதில் ஆறரை அடி நீளக் கட்டிலையும், அதன் கால்மாட்டுச் சுவரில் இரண்டடி ஆழ அலமாரியையும் வைத்தால் நடுவில் எஞ்சுவது 1 அடி 5 அங்குலம். அலமாரியின் ஒன்றரை அடி அகலக் கதவு முழுதாகத் திறக்காது, பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஊரில் உள்ளவர்களிடம் சொல்லி, அந்த அறையை மொட்டைமாடியில் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரையச் செய்யுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையும் வரையட்டும். பூச்சுக்குப் பிந்தைய உள்ளளவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

வடசேரி: மாதிரி வீட்டில் தரை கண்ணாடிபோல் மின்னுகிறது. நமக்கும் அதே டைல்ஸ்தான் வருமா?

ஒப்பந்தத்தின் பொருள் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வரும். அந்தப் பட்டியலில் ‘அல்லது அதற்கு இணையான’ என்ற சொற்களைத் தேடுங்கள். இணை எது என்று முடிவு செய்பவர் பில்டர்தான் என்பதால், நிறுவனம், வரிசைப் பெயர், அளவு, தடிமன் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். விட்ரிஃபைடு என்றால் நீர் உறிஞ்சுதல் 0.5 சதவீதத்துக்கு மேற்படாத டைல்ஸ் என்று பொருள். அதிலும் மேற்பரப்பில் மட்டும் படம் அச்சிட்ட வகையும், சில மில்லிமீட்டர் ஆழம் வரை நிறம் இறங்கிய டபுள் சார்ஜ் வகையும் உண்டு. நாற்காலி இழுபடும் கூடத்துக்குப் பின்னதே நல்லது. குளியலறையில் மினுக்கம் வேண்டாம், வழுக்காத வகையைக் கேளுங்கள். சமையலறை அலமாரிக்கு ‘நல்ல பிளைவுட்’ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு ‘ஐ.எஸ். 710’ என்று, அதாவது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணை, எழுதச் சொல்லுங்கள்.

மாதிரி வீட்டுக்குப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டுபோய் முதலில் கட்டிலை அளந்து பாருங்கள். அறை பெரிதாகத் தோன்றக் கட்டிலைச் சிறிதாகச் செய்து போடுவது பழைய தந்திரம். மாதிரி வீட்டையோ விளம்பரத்தையோ நம்பி வாங்கி, அதிலிருந்த தவறான தகவலால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரலாம், பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் செய்யலாம் என்கிறது ரேரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அதற்காகவேனும் விளம்பரத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

குளச்சல்: கடற்கரைக்கு அருகில் வாங்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

உப்புக்காற்றைக் கவனியுங்கள். ஜன்னலுக்கு யு.பி.வி.சி. என்ற துருப்பிடிக்காத பிளாஸ்டிக் வகை நல்லது, பால்கனிக் கைப்பிடிக்கு எவர்சில்வர் என்று மட்டும் எழுதினால் போதாது, 316 தரம் என்று இருக்க வேண்டும்.

பார்வதிபுரம்: வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், அமைந்திருக்கிறது. தைரியமாக வாங்கலாம்தானே?

வாஸ்து என் துறை அன்று. ஆனால் தென்மேற்குப் பருவமழை சாரலோடு வந்து மோதுவது அந்த மூலையின் சுவர்களில்தான் என்பது என் துறை. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி காட்டியிருந்தால் உட்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லையேல் ஆடி மாதத்தில் பட்டுப்புடவைகளில் பூஞ்சை பிடிக்கும்.

கோட்டாறு: அண்ணாச்சி, இப்படிப் பேசுவது முறையல்ல. கன்னிமூலையை உயர்த்தி, கனமாக வைக்கச் சொன்ன முன்னோர் காற்றையும் மழையையும் அறியாதவர்களா?

நன்றாகவே அறிந்தவர்கள். அதனால்தான் தடித்த சுவர் எழுப்பி, ஓட்டுக் கூரையைத் தாழ இறக்கி, திண்ணை வைத்து, மேற்கே மரமும் நட்டார்கள். இப்போது வாங்குவதோ ஆறாவது மாடி வீடு. அங்கே மரம் இல்லை, ஓட்டிறக்கம் இல்லை, அழகுக்காகச் சன் ஷேடையும் வெட்டிவிடுகிறார்கள். மூலையை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கான பாதுகாப்பையெல்லாம் கைவிட்ட பிறகு, அதை முன்னோர் முறை என்பது எப்படிப் பொருந்தும்?

தக்கலை: அப்படியானால் மேற்குப் பக்க வீடே வேண்டாம் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கிழக்குப் பக்கம் வாங்கியவரும் ஐப்பசியில் நனைவார். மேற்கிலிருந்து வருவது மழை மட்டுமா, காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. வரைபடத்தில் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் காற்று வெளியேற இன்னொரு ஜன்னல் இருக்கிறதா, சன் ஷேடு இரண்டடியாவது நீள்கிறதா, அதன் அடிவிளிம்பில் நீர் சொட்டி விழச் சிறு பள்ளம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் நீர் சன் ஷேடின் அடியிலேயே ஊர்ந்து ஜன்னல் சட்டத்துக்கு வந்துவிடும்.

கோட்டாறு: ஆனாலும் வாஸ்துவைக் குறை சொன்னது வருத்தமே.

குறை சொன்னது சன் ஷேடு இல்லாத சுவரை. இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆசாரிப்பள்ளம்: 1,100 சதுர அடி என்கிறார்கள். உள்ளே எவ்வளவு கிடைக்கும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

இரணியல்: ஒப்பந்தம் பிறகு பதியலாம், இப்போது 20 சதவீதம் கட்டுங்கள் என்கிறார்கள்.

கட்டாதீர்கள். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரேரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

கருங்கல்: சூப்பர் பில்ட் அப் என்றால் என்ன?

கேள்வி கேட்குமுன் மேலே உள்ளவற்றைப் படிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ராமன்புதூர்: ஜி.எஸ்.டி. எவ்வளவு வரும்?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

திங்கள்நகர்: குடிபுகுந்த பிறகு குளியலறை ஒழுகினால் யார் பொறுப்பு? முன்னதாகவே தடுக்க வழி உண்டா?

வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், 30 நாளுக்குள் பில்டர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். கடிதமாகத் தெரிவியுங்கள், தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. முன்னதாகத் தடுக்க, டைல்ஸ் பதிக்குமுன் குளியலறைத் தரையில் நீர் தேக்கி இரண்டு நாள் விடச் சொல்லி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். இந்தச் சோதனையையும் பொருள் பட்டியலோடு சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.